மத்திய வலையமைப்பில் இணைவதா? ஏடு யார் கையில் என்பதை முதலில் தீர்மானிப்போம்

மலையகத்தின் சிறு அலுவலகங்களிலும் இன்று கணனி வந்துவிட்டது. மரண உதவிச் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம், மீள்குடியேற்றக் குழு, மரக்கறிச் செய்கையாளர் அமைப்பு என்று எதை எடுத்தாலும் ஒரு மேசையில் ஒன்றோ இரண்டோ கணனிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது என்ன? நமது குடும்ப விபரம், அடையாள அட்டை இலக்கம், மண்சரிவிலோ வெள்ளத்திலோ இழந்த வீட்டினதும் தோட்டத்தினதும் அளவு, கிடைத்த நிவாரணம், கிடைக்காத நிவாரணம், வாங்கிய கடன், கட்டிய தவணை. இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு இவை வெறும் எழுத்துகள் அல்ல. நாளை வீட்டுக்கும் காணிக்கும் உரிமை கேட்கும்போது கையில் இருக்கப்போகும் சாட்சி இவைதான்.

இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'உங்கள் கணனிகளை எமது மத்திய வலையமைப்பில் இணைக்கப் போகிறோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருவார். ஒத்துழைப்பு வழங்கவும்.' நிர்வாகசபை என்ன செய்யும்? பெரும்பாலும், 'இது கணனி தெரிந்த பிள்ளைகளின் விஷயம், நமக்கென்ன தெரியும்' என்று கூறி அடுத்த விடயத்துக்குப் போய்விடும்.

இது பிழையான போக்கு என்பதே எமது கருத்து. இணைவதா இல்லையா என்ற தீர்மானம் அங்கத்தவர்களுக்கு உரியது. இணைவதில் நன்மை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏட்டின் பிரதி ஒன்று நம் கையில் இல்லாமலும், அதிலுள்ள பிழையைத் திருத்தும் வழி நமக்கு அருகில் இல்லாமலும் இணைவது, நம் மக்கள் ஏற்கனவே பட்ட துன்பத்துக்குப் புதியதொரு வாசலைத் திறப்பதாகும்.

இணைப்பு என்றால் என்ன?

நமது அலுவலகக் கணனி இப்போது தனியாக இயங்குகிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அந்தக் கணனிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பூட்டும் சாவியும் இருப்பதைப் போன்றது இது.

மத்திய வலையமைப்பில் இணைத்தபின் நிலைமை மாறுகிறது. சேர்வர் எனப்படும் ஒரு தலைமைக் கணனியில் எல்லாக் கிளைகளின் ஊழியர் பெயர்களும் கடவுச்சொற்களும் வைக்கப்படுகின்றன. யார் எந்தக் கணனியைத் திறக்கலாம், யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. நமது கணனி அதை நம்பி அதன் சொற்படி நடக்கிறது. இவ்வாறு ஒரே தலைமையின் கீழ் வரும் கணனிக் கூட்டத்தை அத்துறையினர் 'டொமைன்' என்பார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கணனிகளில் இம்முறை 2000 ஆம் ஆண்டிலிருந்து இன்றைய வடிவில் இருந்து வருகிறது.

இங்கு மூன்று விடயங்களை ஒவ்வொரு அங்கத்தவரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இணைந்த அக்கணமே தலைமை அலுவலகத்தின் வலையமைப்பு நிர்வாகிகள் நமது கணனிக்கும் நிர்வாகிகள் ஆகிவிடுகிறார்கள். யாரும் தனியாக அனுமதி கொடுக்கத் தேவையில்லை. விண்டோஸ் அதைத் தானாகவே செய்கிறது. விரும்பினால் அவர்கள் கொழும்பிலோ கண்டியிலோ இருந்தபடியே நமது கோப்புகளைத் திறக்க முடியும்.

இரண்டாவது, இணைந்துவிட்டால் நமது கோப்புகள் எல்லாம் தானாகவே மத்தியில் பாதுகாக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்யாதவரை கோப்புகள் நமது கணனியின் வன்தட்டிலேயே இருக்கும். அந்த வன்தட்டு பழுதானால் அவையும் போய்விடும். சாவி மத்திக்குப் போய்விட்டது, பெட்டி மட்டும் நம்மிடமே நனைந்துகொண்டிருக்கிறது என்ற நிலை இது.

மூன்றாவது, இணைத்த மறுநாள் காலையில் கணனியைத் திறக்கும் ஊழியர் தமது பழைய கோப்புகளைக் காணாமல் பதறுவதுண்டு. புதிய பெயரில் நுழைவதால் கணனி அவருக்குப் புதிய மேசை ஒன்றைக் கொடுக்கிறது. பழைய மேசையில் இருந்தவை பழைய பெயரின் கீழ் அப்படியே இருக்கின்றன. இதை அறியாமல், எல்லாம் அழிந்துவிட்டது என்று எண்ணிக் கணனியைத் துடைத்துப் புதிதாக்கினால் உண்மையிலேயே எல்லாம் அழிந்துவிடும். ஆகவே இணைப்பதற்கு முன்னர் முழுப் பிரதி ஒன்று எடுக்காமல் யாரையும் கணனியில் கைவைக்க விடக்கூடாது.

இணைவதில் உள்ள நன்மை

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. தனித்திருக்கும் கணனியின் நிலைமை நமக்குத் தெரியாததல்ல. கடவுச்சொல் மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் பெயர் ஆண்டுக்கணக்காக நீக்கப்படாமல் இருக்கும். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் இருந்து வைரஸ் வந்து சேரும். கணனி தெரிந்த ஒரே ஊழியர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் அலுவலகமே முடங்கும்.

மத்திய வலையமைப்பு இவற்றில் பலவற்றைத் தீர்க்கிறது. விலகிய ஊழியரின் பெயரை ஓரிடத்தில் நிறுத்தினால் எல்லா இடத்திலும் நின்றுவிடும். மறந்த கடவுச்சொல்லை நிமிடத்தில் மாற்றலாம். பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாக் கணனிகளுக்கும் ஒன்றாக அனுப்பலாம். விண்டோஸ் 10 க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. எத்தனை கிளைகளில் இன்னும் அது ஓடுகிறது என்பதை மத்தியிலிருந்து உடனே அறியலாம். தனித்தனியாக இருக்கும் கிளைகளில் இதைக் கவனிப்பவர் யார்?

ஒரு குடும்பம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு பிரதேசத்துக்கு மாறும்போது அதன் விபரமும் கூடவே செல்ல வழி பிறக்கிறது. இடம்பெயர்ந்த மக்களுக்கு இது சிறிய நன்மை அல்ல. ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் களைப்பு நமக்குத் தெரியும்.

ஏடும் நம் மக்களும்

ஆனால் மத்தியில் உள்ள ஏட்டை நம்புங்கள் என்று மலையக மக்களிடம் யாரும் எளிதாகக் கூறிவிட முடியாது. நமது வரலாற்றின் பெரும் பகுதி ஏட்டில் பெயர் இல்லாததால் வந்த துன்பத்தின் வரலாறு.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயத்து மக்களால் அதைக் காட்ட முடியவில்லை. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின; சுமார் 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை எண்ணிக்கையாகவே பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பின்னர் தீர்மானிப்பதற்கென்று 150,000. எஞ்சியிருந்தோருக்கு வழி திறக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்களோ, யுத்தத்தில் மீண்டும் மீண்டும் ஓடியபோது இருந்த கடதாசிகளையும் இழந்தன.

இதெல்லாம் கணனிக்கு முந்திய காலம் என்று சொல்லலாம். கணனிக் காலத்தின் அனுபவத்தையும் பார்ப்போம். 2023 ஆம் ஆண்டில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, குடும்பங்களின் விபரங்கள் மத்திய முறைமை ஒன்றில் சேர்க்கப்பட்டு 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளியிடப்பட்டன. யார் வறியவர், யார் அல்ல என்பது அப்புள்ளிகளால் தீர்ந்தது. பெயர்ப் பட்டியல் வெளியானதும் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. ஊருக்கெல்லாம் தெரிந்த வறுமை அந்தப் பட்டியலுக்குத் தெரியவில்லையே என்று மக்கள் கேட்டார்கள். கணனியில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் சொல்ல யாரும் அருகில் இருக்கவில்லை.

ஏடு தூரத்தில் இருக்கும்போது பிழையும் தூரத்திலேயே இருந்துவிடுகிறது. இதுதான் நமக்குள்ள முதல் அச்சம்.

மத்தியே விழுந்தால்?

இரண்டாவது அச்சம், மத்தியிலுள்ள ஏடே அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பது. இது வீண் கற்பனை அல்ல. நமது நாட்டிலேயே நடந்தது.

அரச அலுவலகங்களை ஒன்றிணைக்கும் லங்கா அரச வலையமைப்பும், அதனோடு சேர்ந்த அரச முகிற்கணனியமும் பல ஆண்டு உழைப்பில் உருவானவை. 2023 ஓகஸ்டில் அந்த முகிற்கணனியத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் தீய மென்பொருள் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தின் கடிதங்கள் மீளப் பெற முடியாதவாறு போயின. காரணம் என்ன? அக்காலத்துக்குரிய பிரதி வேறு எங்கும் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருளும் பழையது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் வேலை பணப் பற்றாக்குறையாலும் வேறு காரணங்களாலும் தள்ளிப்போயிருந்தது.

அமைச்சரவையின் கடிதங்களுக்கே இந்தக் கதி என்றால், நமது சங்கத்தின் பெயரேடு எம்மட்டு?

உலகத்தின் பெரிய கம்பனிகளும் இதற்கு விலக்கல்ல. நமது கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறும்போது மேர்ஸ்க் என்ற பெயர் எழுதிய கொள்கலன்களைக் கொழும்புத் துறைமுகத்தில் காணலாம். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்கம்பனியை 2017 ஜூன் 27 இல் நொட்பெட்யா என்ற தீய மென்பொருள் தாக்கியது. உலகம் முழுவதும் இருந்த அதன் தலைமைக் கணனிகள், அதாவது யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கணனிகள், சுமார் 150. ஒன்று அழிந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்று அவை ஒன்றுக்கொன்று பிரதியாக அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாமே ஒன்றாக விழுந்தன.

ஒன்று மாத்திரம் தப்பியது. ஆபிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்னரே மின்சாரம் தடைப்பட்டு, அங்கிருந்த தலைமைக் கணனி வலையிலிருந்து விலகியிருந்தது. அதன் வன்தட்டைக் கையிலே எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் நைஜீரியா விமான நிலையம் வரை பறந்து, அங்கு இன்னொருவரிடம் ஒப்படைக்க, அவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதை வைத்தே கம்பனி தன் வலையமைப்பைத் திரும்பக் கட்டியது. 4,000 தலைமைக் கணனிகளையும் 45,000 சாதாரண கணனிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவர் 2018 இல் கூறினார்.

மின்தடை நமக்குப் புதிதல்ல. 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரையில் இருளில் இருந்தவர்கள் நாம். ஆனால் மின்தடையே ஒரு பெரிய கம்பனியைக் காப்பாற்றிய இந்தச் செய்தியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வலையில் பொருந்தாமல் விலகியிருக்கும் பிரதியே ஆபத்தில் உதவும் பிரதி. எப்போதும் கணனியோடு பொருத்தியே வைத்திருக்கும் வன்தட்டு கணனியோடு சேர்ந்தே அழியும்.

மலையில் தொடர்பு அறும்போது

மழை பெய்தால் வழி மூடும் நாடு நம்முடையது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே அறுந்தன. அத்தகைய நாட்களில்தான் நமது ஏடு அவசரமாகத் தேவைப்படும். எந்த லயத்தில் எத்தனை பேர், கர்ப்பிணித் தாய்மார் எங்கே, நடக்க முடியாத முதியோர் யார் என்று உடனே தெரிய வேண்டும். அந்த நேரத்தில் கணனி மத்தியின் அனுமதிக்காகக் காத்திருக்குமானால் என்ன பயன்?

இதற்கு ஓரளவு வழி உண்டு. இணைந்த கணனி, தன்னில் முன்னர் நுழைந்த ஊழியர்களை நினைவில் வைத்திருக்கும். சாதாரணமாகக் கடைசிப் பத்துப் பேர். தொடர்பு அறுந்தாலும் அவர்கள் தமது வழமையான கடவுச்சொல்லுடன் நுழையலாம். ஆனால் அந்தக் கணனியை இதற்கு முன் திறந்திராத ஒரு புதியவர், உதவிக்கு வந்த தொண்டர் என்றாலும், நுழைய முடியாது. அத்தோடு மத்தியில் வைத்த கோப்புகளும் கிடைக்கமாட்டா.

இன்னொரு சிறு விடயம். பழைய கணனிகளில் நேரத்தைக் காக்கும் சிறிய மின்கலம் செத்துப்போயிருக்கும். கணனியின் கடிகாரம் பிழையான நேரத்தைக் காட்டும். தனித்திருக்கும்போது இதனால் பெரிய கெடுதி இல்லை. வலையமைப்பில் இணைந்தபின், தலைமைக் கணனியின் நேரத்துக்கும் நமது நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மத்தி அனுமதி மறுத்துவிடும். சிறு தொகைக்கு வாங்கக்கூடிய ஒரு மின்கலத்தால் ஒரு நாள் வேலை கெடும். அதேபோல வீட்டுப் பாவனைக்கான விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது. தொழில்முறைப் பதிப்பு வேண்டும். அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது பெயர், நமது எழுத்து

மூன்றாவது அச்சம் நமது மொழி பற்றியது. மலையகத்தில் ஒருவருக்கே பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர் இருப்பது எல்லோரும் அறிந்ததே. இந்த வித்தியாசத்தால் சேமலாப நிதியைப் பெற முடியாமல் அலைந்த முதியவர்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம்.

நமது அலுவலகங்களில் பெரும்பாலான பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது போன்ற ஒரு முறை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். மத்திய முறைமைகள் இன்று யுனிகோட் முறையையே எதிர்பார்க்கின்றன. மாற்றாமல் அப்படியே அனுப்பினால், மத்தியில் ஒருவர் நமது அங்கத்தவரின் பெயரைத் தேடும்போது 'பதிவு இல்லை' என்றே பதில் வரும். அந்த மனிதர் இருக்கிறார், ஏட்டிலும் இருக்கிறார்; ஆனால் தேடினால் இல்லை. இதையும் ஒருவகை இடப்பெயர்வு என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே இணைப்பதற்கு முன்னரே கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இதற்கு நமது இளைஞர் யுவதிகளே போதும். ஆங்கிலத்தில் பெயர் எழுதவேண்டிய இடத்திலும் தமிழ்ப் பெயருக்கென்று ஓர் இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

யார் பார்க்கலாம்?

இடம்பெயர்ந்த குடும்பத்தின் விபரம் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியது. கடன் கொடுக்கும் கம்பனிக்கு யார் கஷ்டத்தில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். காணி தேடுபவருக்கு யாரிடம் உறுதி இல்லை என்று தெரிய வேண்டும். தேர்தல் காலத்தில் இத்தகைய பட்டியல்களுக்கு விலை உண்டு. ஒரு பெண் தன் குடும்பத்துப் பிரச்சினையைச் சங்கத்தின் உத்தியோகத்தரிடம் நம்பிச் சொன்னது, அவருக்கு முகம் தெரியாத பத்துப் பேரின் திரையில் தெரிய வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் அதில் உள்ள பிழையைத் திருத்தும்படி கேட்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்ற கொள்கையை ஏற்றுள்ளது. அரச அலுவலகங்களிடம் உள்ள தகவலைக் கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டம் கொடுக்கும் உரிமையை நமது சொந்தச் சங்கமும் அதன் தலைமை அலுவலகமும் நமக்கு முதலில் கொடுக்க வேண்டாமா?

கொத்மலையில் ஒரு முன்மாதிரி

மத்தியோடு இணைந்தும் ஊரின் கையை விடாமல் இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1979 இல் தொடங்கி 1985 வரையில் கட்டப்பட்ட கொத்மலை அணை வயல்களையும் வீடுகளையும் கோயில்களையும் நீருக்குள் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சிலர் தூரத்து மகாவலிப் பிரதேசங்களுக்குப் போயினர். சிலர் அயலில் உள்ள தேயிலை நிலங்களில் குடியேறினர். அம்மக்களிடையே 1989 இல் கொத்மலைச் சமூக வானொலி ஆரம்பமாயிற்று. 1998 இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலி நிலையத்துக்கு இணையத் தொடர்பு கிடைத்தது. கிராமத்தில் பலர் கணனியைக் கண்டிராத காலம் அது.

அங்கே ஒவ்வொரு வீட்டையும் வலையில் மாட்ட அவர்கள் முனையவில்லை. நேயர்கள் கேள்வியை எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு, ஊர் மொழியில் விளங்கும்படி வானொலியில் சொன்னார். பெரிய வலையோடு இணைந்தது நிலையம்; ஆனால் எதைக் கேட்பது, எதை எடுப்பது என்று தீர்மானித்தது ஊர். முக்கியமாகச் சிங்கள மொழியிலேயே அது நடந்தது என்பது நமக்கொரு குறை. ஆனால் அந்த முறை நமக்கும் உரியது.

எமது யோசனைகள்

இணைவதற்கு முன் ஒவ்வொரு கிளையும் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்பது எமது யோசனை.

1. பிரதி. வாரம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் தனி வன்தட்டு ஒன்றில் எடுத்து, கணனியிலிருந்து கழற்றி, வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து வாசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பெயரேட்டைக் கடதாசியில் அச்சிட்டுத் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுப் பாதுகாக்க வேண்டும்.

2. சாவி. தொடர்பு அறும் நாளில் கணனியைத் திறப்பதற்கு உள்ளூர் நிர்வாகிப் பெயரும் கடவுச்சொல்லும் ஒட்டிய உறையில் செயலாளரிடம் இருக்க வேண்டும். உறை திறக்கப்பட்டால் ஏன் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்.

3. பார்வை. எந்தக் கோப்பை மத்தியில் யார் பார்க்கலாம் என்பது பதவி குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும். நிர்வாகசபையின் சம்மதமின்றி வெளியாருக்குப் பட்டியல் போகக்கூடாது.

4. திருத்தம். பெயரிலோ விபரத்திலோ பிழை இருந்தால் கிளையிலேயே திருத்த முடியவேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்க வேண்டும். மத்தியில் மாற்றினால் கிளைக்கு அறிவிக்க வேண்டும்.

5. மொழி. தமிழ்ப் பெயர் தமிழிலேயே இருக்க வேண்டும். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

6. விலகல். ஒருநாள் விலக வேண்டி வந்தால் நமது விபரங்கள் வாசிக்கக்கூடிய வடிவில் திரும்பக் கிடைக்க வேண்டும்.

7. பரீட்சை. முதலில் ஒரு கணனியை மட்டும் மூன்று மாதத்துக்கு இணைத்துப் பார்க்கலாம். மழைக்காலம் ஒன்று அதில் அடங்குமானால் மிக நல்லது.

சிறு கிளைக்கு இத்தனை நிபந்தனை விதிக்கப் பலம் ஏது என்று சிலர் கேட்கலாம். ஒரு கிளை தனியாகக் கேட்டால் பலம் இல்லைதான். ஹட்டனில் உள்ள கிளையும் தலவாக்கலையில் உள்ள கிளையும் இராகலையில் உள்ள கிளையும் ஒரே கோரிக்கையைக் கையொப்பமிட்டு அனுப்பினால் தலைமை அலுவலகம் கேட்கத்தான் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை பணம் வேண்டாதவை. ஒழுங்கு மட்டுமே வேண்டியவை. நல்ல தலைமை அலுவலகம் ஒன்று இவற்றைக் குறையாகக் கொள்ளாது. தன் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கிளைகள் முன்வருகின்றன என்றே கொள்ளும்.

இவ்வளவு தயக்கம் இருந்தால் இணையாமலே விட்டுவிடலாமே என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அதையும் நாம் ஏற்கவில்லை. ஈரம் பிடித்த அறையில், பிரதி எதுவுமில்லாமல், ஒரே ஊழியரின் நினைவை நம்பியிருக்கும் கணனி பாதுகாப்பானதல்ல. தனித்திருப்பது சுதந்திரம் போலத் தோன்றலாம். ஒரு வன்தட்டுப் பழுதாகும் நாளில் அந்தச் சுதந்திரம் முடிந்துவிடும். இணையாமல் இருக்கத் தீர்மானிக்கும் சங்கத்துக்கும் மேற்சொன்ன முதல் யோசனை அப்படியே பொருந்தும்.

எனவே அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி ஒவ்வொரு அங்கத்தவரும் கேட்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் பெயரேட்டின் கடைசிப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது? அது இப்போது எங்கே இருக்கிறது? அதைத் திறந்து எனது குடும்பத்தின் பக்கத்தைக் காட்ட முடியுமா? இம்மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் இணைவதா இல்லையா என்று கையுயர்த்தித் தீர்மானியுங்கள். பதில் கிடைக்காவிட்டால், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் வருகையை ஒரு மாதம் தள்ளிவைத்து, முதலில் அந்தப் பிரதியை எடுங்கள்.